இறக்கையில் மறந்துவிட்ட பூட்டு

எனக்குக் காது நல்லது, அபிதா. எழுபது வயதாகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, கண்ணில் புரை எடுத்தாயிற்று, காது மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. பலெர்மோவில், கபோச் சந்தைப் பகுதியில் இந்த நான்காம் மாடியில் இருந்துகொண்டே, கீழே சந்தையில் கணவாய் விற்கிறவனுக்கும் பெண்சாதிக்கும் இன்றைக்குச் சண்டையா சமாதானமா என்று அவன் விலை கூவுகிற குரலை வைத்துச் சொல்லிவிடுவேன். இரண்டாம் மாடி இத்தாலிய அம்மா, அந்தச் சிஞ்ஞோராவின் மருமகள் வீட்டை விட்டுப் போகப் போகிறாள் என்பது அந்த மருமகளுக்கே தெரியுமுன் எனக்குத் தெரியும். படியில் அவள் செருப்புச் சத்தம் மாறியிருந்தது. "பெரியம்மான்ர காதுக்குள்ள அன்ரெனா இருக்கு" என்று நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பகிடி பண்ணுவாய்.

போன கிழமை ஸ்ருட்கார்ட்டிலிருந்து போன் எடுத்துக் கேட்டாய். "அப்பான்ர புத்தகத்தை அச்சடிக்கப்போறன். முன்னுரை மாதிரி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ பெரியம்மா. அம்மா செத்த அண்டைக்கு என்ன நடந்ததெண்டு உங்களை விட்டா ஆருக்குத் தெரியும்?" என்னை விட்டால் இன்னும் ஒருவனுக்குத் தெரியும். அவனை அவன் இடம் வரும்போது சொல்கிறேன். முறையாகச் சொன்னால்தான் எந்தச் செய்திக்கும் மரியாதை.

உன் அப்பா ஜெர்மன்காரனின் விமானப் படையைப் பற்றிக் கதை எழுதுகிறார் என்று பலெர்மோத் தமிழருக்கு முதலில் அறிவித்தது நான்தான். கோயில் வாசலில் இரண்டு பேருக்குச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை சாந்தா றொசாலியா கோயில் மலை ஏறும்போது மூன்று பேருக்கு. மலை இறங்குமுன் தவராசாவுக்கு 'ஜெனரல் தவம்' என்று பெயர் வந்துவிட்டது. "என்ன ஜெனரல், இண்டைக்கு எத்தினை பிளேன் விட்டனீங்கள்?" என்று பஸ்சில் கேட்பார்கள். அவர் கோபிக்க மாட்டார். "இண்டைக்கு ஒண்டும் பறக்கேல்லை, மழை" என்பார். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு அந்தப் பித்து எங்கே பிடித்தது என்று உனக்குத் தெரியும். இங்கே வந்த புதிதில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை. அவளுடைய செத்துப்போன கணவர் இத்தாலிய விமானப் படையில் கேணல். சுவர் நிறைய விமானப் புத்தகம். கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்ட வேண்டும். மற்றவர்கள் என்றால் தட்டிவிட்டு வைத்திருப்பார்கள். உன் அப்பா திறந்தார். படத்தைப் பார்த்து, படத்துக்குக் கீழே உள்ளதைப் படித்து, அப்படியே இத்தாலிய மொழியும் பழகிவிட்டார். சோறு வாங்கத் தெரியாத காலத்திலேயே அவருக்கு இறக்கைக்கும் வாலுக்கும் இத்தாலியப் பெயர் தெரியும்.

ஒருநாள் ஓடி வந்தார். நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இஞ்சை பாருங்கோ. ஒரு சின்னப் பூட்டு, அக்கா. கையளவு."

ஜெர்மன் விமானப் படை தொடங்கின காலத்தில் அதற்கு ஒரு தலைமை அதிகாரி இருந்தாராம். அந்த ஜெனரலுக்குப் பெரிய விமானங்கள் மேல்தான் ஆசை. நான்கு எஞ்சின் வைத்தது, உயரத்தில் போவது, வெகுதூரம் போவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம் டிரெஸ்டன் நகரில் ஏதோ அவசரத்தில் விமானத்தில் ஏறியிருக்கிறார். நிற்கும் விமானத்தின் இறக்கை மடல்களைக் காற்று அடித்து ஆட்டாமல் இருக்க ஒரு பூட்டுப் போட்டு வைப்பார்களாம். பறக்குமுன் கழற்ற வேண்டும். அன்றைக்கு அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். எழும்பிய விமானம் திரும்ப முடியாமல் விழுந்தது. ஜெனரல் போய்விட்டார். அவரோடு பெரிய விமானங்களும் போயின. பிறகு வந்தவர்களுக்குக் குத்தென்று கீழே பாய்ந்து குண்டு போடுகிற சிறிய விமானங்களில் மோகம். சர்க்கஸ் மாதிரி வித்தை காட்டிப் பறந்த ஒருவரைக் கொண்டுவந்து விமானம் செய்கிற பொறுப்பில் இருத்தினார்களாம். நான்கு எஞ்சின் விமானமும் பாய வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு அவர்களுக்குப் பாய்ச்சல் பைத்தியம்.

"அந்தப் பூட்டை ஆரும் ஒருத்தன் கழட்டியிருந்தா, அக்கா?" என்று உன் அப்பா கேட்டார்.

"கழட்டியிருந்தா என்ன தம்பி, இன்னும் நாலு ஊர் எரிஞ்சிருக்கும்" என்றேன். புட்டுக்குழலைத் தட்டினேன்.

"ஓம். ஆனா பாயிற பிளேன் வந்திராது."

அவ்வளவுதான் அவருடைய புத்தகம். பதினேழு கொப்பி நிறையக் கையால் எழுதியது. அவருடைய கதையில், ஹானஸ் என்று ஒரு வேலையாள் ஓடுபாதையில் ஓடிப்போய்க் கடைசி நேரத்தில் பூட்டைக் கழற்றுகிறான். ஜெனரல் உயிரோடு இருக்கிறார். வித்தைக்காரருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. பெரிய விமானங்கள் வருகின்றன. பாய்ந்து குண்டு போடுகிற யோசனையை எல்லோரும் கேலி செய்து மறந்துவிடுகிறார்கள். உலகம் முழுவதும் அந்தப் பழக்கம் முளைக்கவே இல்லை. ஆகையால் ஐம்பது வருடம் கழித்து, இத்தாலியில் விமானம் ஓட்டப் பழகுவதற்கென்று செய்த ஒரு சிறு விமானத்துக்குக் கீழே குண்டு கட்டி, ஊரில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு மேலே பாயவிட வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. உன் அம்மா குகனேஸ்வரி பின்னேரம் வரைக்கும் உயிரோடு இருக்கிறாள். பிறகு மறுநாளும்.

உன் அம்மாவைக் காப்பாற்றத்தான் அவர் அந்த ஜெனரலைக் காப்பாற்றினார். இங்கே ஒருவருக்கும் அது தெரியாது. நான் அந்தப் பகுதியை மட்டும் பரப்பவில்லை.

ஆனால் உன் அப்பா நேர்மையான மனிதர். கணக்குப் பிழைக்காமல் எழுதினார். பெரிய விமானங்கள் இருந்தால் அவை சும்மா நிற்காதே. ஒன்பதாம் கொப்பியில் அவை மலை தாண்டிப் போய் ஊர் ஊராக எரிக்கின்றன. ஒரு மத்தியானம் வந்து என் குசினியில் இருந்து அழுதார். "ஒருத்தியைக் காப்பாத்தப்போய் ஏழு ஊரைக் கொளுத்திப்போட்டன் அக்கா. அந்த ஊரிலயும் ஒருத்தி உலையில பானை வச்சிருப்பாள் எல்லே?" நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவர் எரித்த ஊர் ஒன்றும் உண்மையில் எரியவில்லை என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

முதல் கொப்பியின் முதல் பக்கத்தைப் பார்த்திருப்பாய். அதில் ஒரேயொரு வரி. "சாட்சி: யோசப்பின் அக்கா. விமானம் பாயும்வரை சத்தம் கேட்கவில்லை." பதினேழு கொப்பியும் என்னுடைய அந்தச் சாட்சி வரியின் மேல்தான் நிற்கின்றன. சத்தம் கேட்டிருந்தால் குகனேஸ்வரி பங்கருக்குள் இறங்கியிருப்பாள், அவள் கவனமானவள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே சத்தமில்லாமல் வந்து பாய்கிற அந்த விதம்தான் அவளைக் கொன்றது, ஆகவே அந்த விதத்தைப் பூமியிலிருந்து அழிக்க வேண்டும். இதுதான் அவர் வழக்கு. செத்தவீட்டன்று முற்றத்தில் வைத்து என்னைக் கேட்டார். "அக்கா, சத்தம் கேக்கேல்லையோ?" நான் சொன்னேன்: "கேக்கேல்லைத் தம்பி. இறங்குமட்டும் ஒண்டும் கேக்கேல்லை."

எனக்குக் காது நல்லது என்று முதல் வரியிலேயே சொன்னேன்.

அந்தக் காலத்தில் ஒழுங்கையில் எப்படி இருந்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு நாலு வயது. ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் பங்கருக்குள் ஓடினால் உலையில் உள்ளது கருகும், பிள்ளை பால் குடிக்காது, ஆட்டுக்குக் குழை போட முடியாது. அதனால் எல்லோரும் சத்தம் பிரிக்கப் பழகியிருந்தார்கள். பலாலி ஆமி முகாமுக்குச் சாமான் கொண்டு போகிற அவ்ரோ என்றால் யாரும் அசைவதில்லை, அதுபாட்டுக்குப் போய்விடும். சியா என்றால் அந்தக் குண்டு கட்டின சிறு விமானம், ஓட வேண்டும். சியாமாசெட்டி என்று முழுப்பெயர். கேட்டால் வட்டிக்கடைக்காரர் மாதிரி இருக்கும். அது தூரத்தில் தையல் மிஷின் மாதிரித்தான் தொடங்கும். மற்றவர்களுக்குப் பிரிபடுவதற்குள் தலைக்கு மேலே வந்துவிடும். எனக்கு அது கடலுக்கு மேலே இருக்கும்போதே பிரிபடும். ஆகவே ஒழுங்கைக்கு நான்தான் காது. வேலிக்கு மேலால் கேட்பார்கள்: "யோசப்பினக்கா, என்னது?" நான் ஒரு சொல் சொல்வேன். சியா, அல்லது அவ்ரோ. சியா என்றால் ஓடுவார்கள். அவ்ரோ என்றால் அகப்பையைத் திரும்ப எடுப்பார்கள். ஒருநாளும் நான் பிழை விட்டதில்லை. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் என் வாயையும் பொறுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

உன் அம்மாவும் நானும் பதினொரு நாள் கதைக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நான் யாரோ ஒரு பெட்டை யாரோடோ போனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். குகனேஸ்வரி திரும்பி, "மற்றவன்ர வீட்டு வாசல்லயே நிக்கிறியளே அக்கா, உங்கட வீட்டில தொட்டில் ஆடுற சத்தம் ஒண்டு இருந்தா இப்பிடிக் காது நீளாது" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவளுக்கே முகம் சுருங்கியது, நான் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் உன் அப்பா உன்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார். காலை பத்து மணி இருக்கும். எனக்குத் தையல் மிஷின் கேட்டது. வடக்கே, கடல் பக்கம். நல்ல தெளிவு, காற்றுக்கூட இல்லை. உன் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏதோ இரைச்சல் எட்டியிருக்க வேண்டும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள். பதினொரு நாளுக்குப் பிறகு அவள்தான் முதலில் கதைத்தாள்.

"யோசப்பினக்கா, என்னது?"

"அவ்ரோ" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். ஏதோ இன்னும் சொல்ல வந்தமாதிரி ஒரு கணம் நின்றாள். பிறகு சிரித்துவிட்டுத் தோய்க்கிற கல்லுக்குத் திரும்பிப் போனாள். அது சமாதானச் சிரிப்பு. எனக்கு அந்த வித்தியாசமும் பிரிபடும்.

நான் என் பங்கருக்குள் இறங்கினேன்.

அவள் பயப்பட வேண்டும் என்றுதான் சொன்னேன், அபிதா. தலைக்கு மேலே சியா வரும்போது திடுக்கிட்டு, கால் இடற ஓடட்டும், நாலு பேர் பார்த்துச் சிரிக்கட்டும் என்று. வரிசையில் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி. குண்டு விழும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்காதவள் ஏன் பங்கருக்குள் இறங்கினாள் என்று நீ கேட்பாய், படித்த பிள்ளை. அது பழக்கம். கால் தானாக இறங்கும்.

உள்ளே இருந்துகொண்டு ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். நேரம் இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கிற நேரம். நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உனக்கு நான் தலை இழுத்தேன், பேன் பார்த்தேன், கொழும்பில் ஏஜென்சிக்காரனின் அறையில் உனக்கு அம்மாள் வருத்தம் வந்தபோது வேப்பிலை தேடி அலைந்தேன். பலெர்மோவில் ஒரே படிக்கட்டில் எதிர் எதிர் வீடு பார்த்தேன். உன்னுடைய முதல் பெர்மெஸ்ஸோவுக்கு, அந்த வதிவிட அனுமதிக்கு, குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் விடியப்புறம் வரிசையில் நின்றது நான். நீ முதல் தடவை "பெரியம்மா" என்று கூப்பிட்டபோது உன் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அதை வாங்கிக்கொண்டேன். பிள்ளையில்லாதவளுக்கு ஒரு பிள்ளை கிடைத்தது என்று ஊர் சொன்னது. ஊர் சொல்வதை நான் மறுத்ததில்லை.

இனி அந்த மற்றவன். விமலராஜ். எங்கள் பின்வளவுப் பொடியன், அன்றைக்கு வேலியோரம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நின்றவன். இப்போது பிரான்ஸில் இருக்கிறான், தலை நரைத்துவிட்டது. போன வருடம் நேர்த்தி வைத்து சாந்தா றொசாலியா மலை ஏற வந்தான். பாதி வழியில் என்னைக் கண்டு நின்றான்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? அண்டைக்கு நீங்கள் அவ்ரோ எண்டு சொன்னது எனக்குக் காதில விழுந்தது. அந்த நேரம் சின்னப்பிள்ளை, ஒண்டும் விளங்கேல்லை. இப்ப நித்திரை வருகுதில்லை. தவராசா அண்ணையிட்டக் கதைச்சுப்போட்டுத்தான் போகப்போறன்."

"ஓம் ராசா, கதைக்கத்தானே வேணும்" என்றேன். "நாளைக்கு வா, சாப்பாடும் இஞ்சைதான்."

அன்று பின்னேரம் நான் ஒரேயொருத்திக்குத்தான் சொன்னேன், கோயில் கூட்டாளி றெபேக்காவுக்கு. இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கினேன். அப்படி வாங்கினால்தான் வேகமாகப் போகும். விமலராஜ் ஊரில் தலையாட்டியாக இருந்தவன் என்று சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு ஆமியின் ஜீப்பில் இருந்து, வரிசையில் வருகிற பொடியன்களைப் பார்த்துத் தலையாட்டிப் பிடித்துக் கொடுப்பார்களே, அவர்களில் ஒருவன் என்று. உன் சித்தப்பாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் செய்தி என் படிக்கே திரும்பி வந்துவிட்டது. மறுநாள் அவன் வந்து கதவைத் தட்டினான். உன் அப்பா உள்ளே நின்றுகொண்டு, "போ. செருப்பெடுக்க முதல் போ" என்றார். அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதே இல்லை. படியில் விமலராஜ் இறங்குகிற சத்தத்தை நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். மூன்றாம் மாடியில் கொஞ்ச நேரம் நின்றான். அழுதான் போல.

அவன் அப்படிப்பட்டவன் இல்லை, பாவம். ஆட்டுக்குட்டி மாதிரிப் பொடியன். சந்தர்ப்பம் வந்தால் அவனுக்கும் இதைச் சொல்லிவிடு.

உன் அப்பாவுக்கு இந்தச் சித்திரையில் நோய் வருத்தம் கூடியது. ஒருநாள் அவருடைய போனைத் துடைத்து வைக்கும்போது பார்த்தேன், பிரான்ஸ் நம்பர் ஒன்று. முப்பத்தெட்டு நிமிடம் கதைத்திருக்கிறார்கள். யார், என்ன என்று எனக்குத் தெரியாது. யாராவது சுகம் விசாரித்திருப்பார்கள். அதற்குப் பிறகு மருந்து வாயைக் கெடுத்துவிட்டது போல, என் புட்டைத் தொடவில்லை. சோறும் அப்படியே திரும்பி வரும். இருபத்தெட்டு வருடம் திறந்து கிடந்த கதவைப் பூட்டவும் தொடங்கினார். கபோவில் களவு கூடிப்போயிற்று, அதுவும் நியாயம்தான்.

ஒரு பின்னேரம் கேட்டார். "அக்கா, அவ்ரோவுக்கும் சியாவுக்கும் சத்தம் எப்பிடி வித்தியாசம்?"

புத்தகத்துக்குத்தான் கேட்கிறார் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அது கனத்த இரைச்சல், இது தையல் மிஷின், கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கலாம் என்றேன்.

"உங்களுக்குப் பிழைக்காது, என்ன?"

"ஒருநாளும் பிழைக்காது தம்பி."

"ஓம்" என்றார்.

சாவதற்கு நாலு நாள் முன் பதினேழாம் கொப்பியை என் கையில் தந்தார். கடைசி அத்தியாயம். "நீங்களே சத்தமா வாசியுங்கோ அக்கா. பிழை இருந்தாச் சொல்லுங்கோ."

வாசித்தேன். பதினாறு கொப்பியாக அவர் செய்த மாற்றம் ஒன்றும் அதில் இல்லை. பூட்டு இறக்கையிலேயே இருக்கிறது. ஹானஸ் ஓடவில்லை. ஜெனரல் டிரெஸ்டனில் விழுந்து சாகிறார். வித்தைக்காரர் நாற்காலியில் இருக்கிறார், விமானங்கள் பாய்கின்றன, எல்லாம் உண்மையில் நடந்த மாதிரியே நடக்கிறது. ஒழுங்கைக்கு மேலே சியா வருகிறது. குகனேஸ்வரி வேலிக்கு வந்து, "யோசப்பினக்கா, என்னது?" என்று கேட்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து யோசப்பின், "சியா! ஓடு பிள்ளை!" என்று கத்துகிறாள். குகனேஸ்வரி ஓடுகிறாள். அவ்வளவுதான். அதோடு புத்தகம் முடிகிறது. உலகத்தில் மாறியது அந்த ஒரு சொல் மட்டும்.

நான் வாசித்து முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகும் பார்த்தார். கீழே சந்தையில் கடைகள் கட்டுகிற சத்தம் கேட்டது.

"பிழை இருக்கோ அக்கா?"

"ஒரு பிழையும் இல்லைத் தம்பி. நல்லா வந்திருக்கு."

"சரி அக்கா" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. பலவீனம்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், விமலராஜ் எப்போதாவது உன்னைத் தேடி வருவான். எந்தச் செய்தியும் இரண்டாம் வாயிலிருந்து போவது எனக்குப் பிடிக்காது. கேட்டதும் நீ போனை வைத்துவிடுவாய், பிறகு எடுக்கவும் மாட்டாய். என்னை அடக்கம் செய்ய வருவாயோ தெரியாது. அதுவும் உன் இஷ்டம்.

இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். முதல் கொப்பியில் சாட்சி என்று தொடங்குகிற வரியைச் சிவப்புப் பேனையால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அப்பாவின் கை நடுக்கமாக இருக்கும், அச்சடிக்கும்போது அந்த வரியைத் திரும்பச் சேர்த்துக்கொள். கடைசி அத்தியாயத்தில் கை வைக்காதே. இத்தனை கொப்பியிலும் அவர் அன்பாக எழுதியது அந்த ஒரு இடத்தைத்தான், அதில் என்னை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. உன் அப்பா கடைசிவரை ஒன்றும் அறியாமல், மனதில் ஒரு கறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு நன்மையையாவது அவருக்கு நான் செய்து கொடுத்தேன்.